எந்த பைக்கு, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450ஆ, கேடிஎம் 390 அட்வெஞ்சரா? மாசாமாசம் பெங்களூர் டு திருநெல்வேலி, அப்புறம் ஒரு தடவ லடாக்

பொம்மனஹள்ளி_பாண்டி

வணக்கம் மக்கா. ரெண்டு மாசமா மண்டைய பிச்சுக்கிட்டு இருக்கேன், இதுக்கு மேலயும் யூடியூப்ல வண்டி வீடியோ பாத்தா வீட்ல போன புடுங்கி கிணத்துல போட்டுருவாங்க, அதான் இங்க வந்து கேக்கேன்.

ஊரு திருநெல்வேலி பக்கம், வேலை எலெக்ட்ரானிக் சிட்டில. மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு போயிட்டு வாரேன், ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். இப்ப இருக்கது பத்து வருஷத்து 150 சிசி வண்டி. அது பாவம் இன்னும் ஓடுது, ஆனா தோப்பூர் இறக்கத்துல பக்கத்துல ஒரு கண்டெய்னர் போச்சுன்னா அந்த காத்துக்கு வண்டி அரை அடி நகருது, அப்ப எனக்கு குலசாமி பேரெல்லாம் வரிசையா ஞாபகம் வருது. பாதி தடவ நான் மட்டும், பாதி தடவ வீட்டம்மாவும் பின்னாடி. அடுத்த வருஷம் ஜூன் கடைசில லடாக் போறதா மூணு பேரு பேசி வச்சிருக்கோம்.

உயரம் 5 அடி 6, எடை 70. ரெண்டு வண்டில ஒண்ணுதான். பேப்பர்ல பாத்தா ஹிமாலயன் 452 சிசி, 40 பிஎஸ் பவர், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 196 கிலோ, 17 லிட்டர் டேங்க். கேடிஎம் 399 சிசி, 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர், எடை 183 கிட்ட, 14.5 லிட்டர் டேங்க். இத வச்சு என்ன முடிவெடுக்க, எனக்கு ஒண்ணும் ஓடல. ஓட்டுனவங்க சொல்லுங்க. வேற வண்டி வாங்க சொல்றவங்க தயவு செஞ்சு தனி இழை போட்டுக்கங்க.

ஆரஞ்சு_ராக்கெட்

கேடிஎம். அடுத்த கேள்வி?

பொம்மனஹள்ளி_பாண்டி

ஏன்னு சொல்லுங்க அண்ணே, இதுக்கா ரெண்டு மாசம் காத்திருந்தேன்.

ஆரஞ்சு_ராக்கெட்

சரி தல சீரியஸா சொல்றேன். 2025 ஜனவரில புது மாடல் வந்ததுமே வாங்கிட்டேன், இப்ப 14,000 ஓடியிருக்கு. பழைய 390 அட்வெஞ்சர் 2020ல வந்தது 373 சிசி, முன்னாடி 19 இன்ச் அலாய் வீல். அத வச்சு யாராவது சொல்றத நம்பாதீங்க, இது எஞ்சின்லேருந்து ஃப்ரேம் வரைக்கும் வேற வண்டி. முன்னாடி 21 பின்னாடி 17, ஸ்போக் வீல் ஆனா ட்யூப்லெஸ். குவிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் புடிக்காமலே கியர் மாத்தறது) இருக்கு, திருப்பத்துல சாஞ்சிருக்கும்போதும் வேலை செய்யற ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா சக்கரம் பூட்டி வழுக்காம பாத்துக்கறது) இருக்கு, எல்லாத்துக்கும் மேல, வச்ச வேகத்துலயே தானா போற க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கு. க்ரூஸ் கண்ட்ரோல் எதுக்குடான்னு நானும் சிரிச்சவன்தான். கிருஷ்ணகிரி தாண்டி ரோடு காலியா இருக்கும்போது 80ல போட்டுட்டு வலது கைய எடுத்து தொடைல ரெண்டு நிமிஷம் வச்சு பாருங்க, மணிக்கட்டு வலின்னா என்னன்னே மறந்துடும். நீங்க மாசாமாசம் 1,200 போறவரு, உங்களுக்குத்தான் அது வேணும்.

அப்புறம் ஓவர்டேக். 80லேருந்து 100 ஏறுறதுக்கு கியர் குறைக்கக்கூட தேவையில்ல. லாரிய தாண்டறப்ப நிறைய நேரம் அதுக்கு பக்கத்துலயே இருக்கறதுதான ஆபத்து.

டீக்கடை_டூரர்

தம்பி பாண்டி, நான் ஹிமாலயன் 450 வச்சிருக்கேனுங்க, 26,000 கிலோமீட்டர் ஆச்சு. அதுக்கு முன்னாடி பழைய ஹிமாலயன் 411 அஞ்சு வருஷம். மேல ராக்கெட் தம்பி சொன்னதுல பொய் ஒண்ணுமில்ல, ஆனா ஒரு கேள்வி. நாலு வழிச்சாலைல டூவீலருக்கு சட்டப்படி வேகம் 80 தானுங்க. 80 முதல் 95 வரைக்கும் ரெண்டு வண்டியுமே தூங்கிக்கிட்டே போகும். அந்த 6 பிஎஸ் வித்தியாசம் தெரியணும்னா 120க்கு மேல போகணும், அங்க போனா ஹெல்மெட்டுக்குள்ள காத்து அடிக்கற சத்தத்துல 600 கிலோமீட்டர் உங்களால உக்கார முடியாது, வண்டியால முடியும். தலைவலியோட ஊருக்கு போயி அம்மா போட்ட சோத்த பாத்துட்டு தூங்குறதுக்கா அவ்வளவு செலவு.

என்னோட ரைடு எப்படின்னா, காலைல நாலரைக்கு அத்திப்பள்ளி தாண்டிடணும். ஓசூர்ல டீ குடிக்க மாட்டேன், கிருஷ்ணகிரிலயும் நிக்க மாட்டேன். ஏழரைக்கு சேலம் தாண்டி இட்லி. வெயில் ஏறுறதுக்குள்ள கரூர். இதுல முக்கியமானது என்னன்னா சேலத்துல நிக்கிறது சாப்பாட்டுக்குத்தான், பெட்ரோலுக்கு இல்ல. எனக்கு லிட்டருக்கு 28, 29 வருது, 17 லிட்டர்னா 470க்கு மேல. பெங்களூர்ல ஃபுல் பண்ணுனா மதுரை வரைக்கும் டேங்க் மூடிய தொட வேண்டாம். இது கேக்க சின்ன விஷயம், பழகிட்டா விட முடியாது.

இன்னொண்ணு முறுக்குவிசை. ஹிமாலயனுக்கு அந்த 40 நியூட்டன் மீட்டர் 5,500 ஆர்பிஎம்லயே வந்துடும், கேடிஎம்முக்கு உச்சம் இன்னும் ஆயிரம் மேல. ஆளும் மூட்டையும் ஏத்திக்கிட்டு மேட்டுல மூணாவது கியர்ல போறப்ப அது தெரியும்.

ஆரஞ்சு_ராக்கெட்

அண்ணே 80 தான் போவேன்னு சொல்றவருக்கு 150 சிசியே போதுமே, எதுக்கு லட்சக்கணக்குல செலவு 😀

டீக்கடை_டூரர்

தோப்பூர்ல கண்டெய்னர் காத்துக்கு அரை அடி நகராம இருக்கறதுக்குத்தான் தம்பி. 196 கிலோ வண்டி அப்படி நகராது.

சில்க்போர்டு_சித்தன்

ஒரு விஷயம் யாரும் பேசலயே. நீங்க மாசத்துல ரெண்டு நாள்தான் ஹைவேல, மிச்ச 28 நாளு ஓசூர் ரோடு ட்ராஃபிக்ல. பொம்மனஹள்ளிலேருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போறவருக்கு கிளட்ச் இழுத்து இழுத்து இடது கை வீங்கும், ரேடியேட்டர் ஃபேன் ஓடுனா சூடு நேரா முழங்கால்ல அடிக்கும். ரெண்டுமே ஒத்த சிலிண்டர் லிக்விட் கூல்ட், ரெண்டுலயும் அது இருக்கும், எவன் இல்லன்னு சொன்னாலும் நம்பாதீங்க. என் யோசனை ஆபீஸுக்கு பழைய 150 ஐயே வச்சுக்கங்க, விக்காதீங்க. 21 இன்ச் முன்வீல வச்சுக்கிட்டு ஆட்டோவுக்கும் டெம்போவுக்கும் நடுவுல நுழையறது இருக்கே, நீளமான ஏணிய தோள்ல வச்சுக்கிட்டு சந்தைல நடக்கற மாதிரி.

ரிம்மு_ரங்கன்

ஹிமாலயன் ட்யூப் டயர். பாதி வழில பங்க்சர் ஆனா கதை முடிஞ்சது. இது ஒண்ணே போதும் கேடிஎம் எடுக்க.

டீக்கடை_டூரர்

2023 நவம்பர்ல வண்டி வந்தப்ப ட்யூப் தான். 2024லயே ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் கூடுதல் காசுக்கு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. பழைய வீடியோவ பாத்துட்டு வராதீங்க ரங்கன்.

ஆனா ட்யூப் கதைய நான் சொல்லியே ஆகணும், ஏன்னா நான் அனுபவிச்சவன். 411 வச்சிருந்தப்ப, நாமக்கல் தாண்டி பரமத்தி பக்கம், ராத்திரி ஒம்பதே கால். பின் டயர் பாம்பு மாதிரி நெளியுது. இறங்கி பாத்தா லாரி பாடில அடிக்கற மாதிரி ஒரு ஆணி, தலை மட்டும் வெளிய தெரியுது, மினுங்குது. அந்த ஊர்ல தடுக்கி விழுந்தா லாரி பட்டறை, ஆணிக்கு பஞ்சமா. வண்டிய தள்ளுனேன் தள்ளுனேன் முக்கா கிலோமீட்டர். ஒரு பழைய டயர தொங்க விட்டு அதுல சுண்ணாம்புல பங்க்சர்னு எழுதுன கடை. பெரியவர் ஒருத்தர் கயித்து கட்டில்ல படுத்திருந்தார். எந்திரிச்சு வந்தார், வண்டிய சுத்தி ஒரு தடவ நடந்தார், "இதுல நடு ஸ்டாண்டு இல்லியா"ன்னு கேட்டார். கழட்டி வச்சுட்டேனுங்கன்னேன். ஒண்ணும் பேசல, உள்ள போயி லாரிக்கு முட்டு குடுக்கற மரக்கட்டைய எடுத்துட்டு வந்து வண்டிக்கு அடில சொருகுனார். ரெண்டு கம்பி வச்சு டயர நெம்புனாரு பாருங்க, அப்ப ட்யூப் கம்பில மாட்டி இன்னொரு எடத்துல கிழிஞ்சுது. ஆக ஒரு ஆணிக்கு ரெண்டு ஒட்டு. தண்ணி தொட்டில ட்யூப அமுக்கி குமிழி வருதான்னு பாக்கறப்ப மணி பத்தே முக்கால். 60 ரூபா கேட்டாரு, 200 குடுத்தேன், மிச்சத்த திருப்பி குடுத்துட்டாரு, ஒட்டுக்கு முப்பதுதான் சார்னு.

ட்யூப்லெஸ்ஸா இருந்திருந்தா ஆணிய புடுங்கி ரப்பர் திரிய சொருகி காத்தடிச்சா பத்து நிமிஷ வேலை. அதனால தம்பி, ஹிமாலயன் எடுத்தா ட்யூப்லெஸ் வீலோட எடுங்க, அதுல மட்டும் மிச்சம் புடிக்காதீங்க.

ஓசூர்_பட்டறை

பட்டறை வச்சிருக்கேன், ரெண்டு வண்டியும் வாராவாரம் வருது, யாருக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். நாலு விஷயம் சொல்லிட்டு போறேன்.

ட்யூப்லெஸ் ஸ்போக்குன்னா பங்க்சர் கவலை போச்சுன்னு நினைக்காதீங்க. பெரிய பள்ளத்துல அடிச்சு ரிம்மு விளிம்பு நெளிஞ்சா காத்து அங்கிருந்து இறங்கும், அதுக்கு திரி உதவாது. ட்யூப்லெஸ் வண்டியா இருந்தாலும் லடாக் போறவங்க 21 இன்ச் ட்யூப் ஒண்ண பைல வச்சுக்கங்க. முன்னாடி போடலாம், ஆத்திரத்துக்கு பின் வீல்லயும் மடிச்சு போட்டு மெதுவா அடுத்த ஊரு வரைக்கும் போயிடலாம். 17 இன்ச் ட்யூப முன்னாடி போட முடியாது.

செயின். இங்க சண்டை போடற யாராவது செயின பத்தி பேசுனீங்களா? 600 கிலோமீட்டர் போறவன் 500க்கு ஒருக்கா எண்ணெய் போடணும், மழைல போனா அன்னைக்கே போடணும். ஸ்ப்ரே வேணும்னு இல்ல, 90 ஆம் நம்பர் கியர் ஆயில், பழைய பனியன் துணி, போதும். சூடா இருக்கறப்ப போடுங்க, போட்டுட்டு உடனே கிளம்பாதீங்க, கிளம்புனா மொத்தமும் பின்னாடி உக்காந்திருக்கவங்க சேலைலதான்.

மூணாவது, சஸ்பென்ஷன். ரெண்டுலயும் முன்னாடி 43 மில்லிமீட்டர் அப்சைட் டவுன் ஃபோர்க் (தலைகீழா மாட்டுன முன் ஷாக்), ரெண்டும் 200 மில்லிமீட்டர் கிட்ட அமுங்கும். கேடிஎம்ல முன் ஃபோர்க்க திருகி டைட் லூஸ் பண்ணிக்கலாம், ஹிமாலயன்ல முன்னாடி எதுவும் திருக முடியாது, பின்னாடி ஸ்பிரிங் ப்ரீலோட் (ஸ்பிரிங்க முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கறதுங்கறது) மட்டும்தான். ஆனா உள்ளத சொல்றேன், என்கிட்ட வர கேடிஎம்ல பாதிக்கு மேல அந்த திருகு கம்பெனி வச்ச எடத்துலயே தூசி புடிச்சு இருக்கு. திருகத் தெரியாதவனுக்கு அது இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

நாலாவது மறந்துட்டேன், ஞாபகம் வந்தா வரேன்.

பின்சீட்_மகராணி

எல்லாரும் ஓட்டுறவங்க பேச்சாவே இருக்கு. பாண்டி அண்ணே, "பாதி தடவ வீட்டம்மாவும்"னு ஒரு வரில எழுதிட்டு போயிட்டீங்க, அவங்கள எங்கயாச்சும் உக்கார வச்சு பாத்தீங்களா?

நான் மதுரைக்காரி, வீட்டுக்காரர்கூட பெங்களூர் மதுரை பத்து தடவையாவது வந்திருப்பேன், எங்களுது ஹிமாலயன் 450. அவரு கூட்டாளியோட கேடிஎம்லயும் ஒருக்கா சிக்மகளூர் போயிட்டு வந்தேன். எனக்கு பட்டத சொல்றேன். ஹிமாலயன்ல பின் சீட்டு அகலம், கால் வைக்கிற கம்பி கொஞ்சம் கீழ இருக்கிறதால முட்டி ரொம்ப மடங்காது. கையில புடிக்க கேரியர் கம்பி இருக்கு. கேடிஎம்ல உக்காந்தா ஏதோ ஜன்னல் திண்டுல உக்காந்து எட்டி பாக்குற மாதிரி, ஆனா அவரு வேகம் ஏத்துறப்ப ஜாலியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. குவிக்‌ஷிஃப்டர்னு சொல்றாங்களே அதால கியர் மாத்துறப்ப தலை ஹெல்மெட்டுல முட்டாது. எங்க வீட்டுக்காரரு கிளட்ச் புடிச்சு மாத்துனா கிலோமீட்டருக்கு ஒரு தடவ டொக்.

ரெண்டு வண்டிலயும் 120 கிலோமீட்டருக்கு மேல இறங்காம உக்கார முடியாது. மரத்துப் போயிரும். இதுக்கு வண்டி மாத்தி பிரயோஜனம் இல்ல, ஒண்ணேகால் மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்துங்க. பங்க்ல நிறுத்துனா டாய்லெட் சுத்தமா இருக்குற பங்கா பாத்து நிறுத்துங்க. நாலரைக்கு கிளம்பி சேலம் வரைக்கும் நிக்க மாட்டேன்னு மேல ஒருத்தர் பெருமையா எழுதியிருக்காரு, அவரு பின்னாடி யாரும் உக்கார்றது இல்லன்னு நல்லா தெரியுது.

டீக்கடை_டூரர்

அம்மணி, உண்மைங்க. எங்க வீட்ல ரயில்லதான் வருவாங்க.

ஆரஞ்சு_ராக்கெட்

😂😂 அக்கா நான் சரண்டர்.

பொம்மனஹள்ளி_பாண்டி

அக்கா படிச்சு காட்டுனேன், வீட்டம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே. சனிக்கிழம ரெண்டு பேரும் சேந்தேதான் டெஸ்ட் ரைடு போறோம். இன்னொரு விஷயம் இங்க சொல்லணும், திரும்பி வரும்போது அம்மா ஒரு மூட்டை கட்டி குடுக்கும். அரிசி, புளி, கருப்பட்டி, முருங்கக்கா, ஒருக்கா அம்மிக்கல்லயே குடுக்க பாத்துச்சு. அதுபோக கோவில்பட்டில கடலை மிட்டாய் வாங்காம வந்தா ஆபீஸ்ல உள்ள விட மாட்டானுக. ஆக 20 கிலோ கூட வரும். இதுக்கு எந்த வண்டி?

ஓசூர்_பட்டறை

நாலாவது ஞாபகம் வந்துடுச்சு, அதே தான். ஆளும் மூட்டையும் ஏத்துனா பின்னாடி ப்ரீலோட ஏத்துங்க. ஏத்தாம ஓட்டுனா பின்பக்கம் அமுங்கி முன்வீல் லேசாயிடும், ஹெட்லைட் வானத்த பாக்கும், எதிர்ல வரவன் உங்கள திட்டுவான், உங்களுக்கு ரோடும் தெரியாது. ஊருக்கு போறப்ப ஒரு நிலை, அம்மா மூட்டையோட வரப்ப ஒரு நிலை. ரெண்டு வண்டிலயும் ஏத்தலாம். கனமான சாமான கீழ சைடு பைல வைங்க, கேரியர் மேல உயரமா கட்டாதீங்க. கருப்பட்டிய சைலன்சர் பக்கம் வச்சுடாதீங்க, ஒருத்தர் வச்சுட்டு வந்தாரு, பை பூரா பாகு.

ஸ்பிதி_சுத்துனவன்

லடாக் பத்தி நான் சொல்றேன், மூணு தடவ போயிருக்கேன். மணாலிலேருந்து லே போற வழில கேலாங்குக்கு முன்னாடி ஊரு பேரே தாண்டி. அங்க பங்க்ல பலகை வச்சிருப்பாங்க, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு. தாண்டிய தாண்டுனா பெட்ரோல் கிடையாது, பேர வச்சவன் தமிழனோ என்னமோ. நிஜத்துல லேக்கு 35 கிலோமீட்டர் முன்னாடி காருல ஒரு பங்க் இருக்கு, ஆக 330 கிட்ட. கேடிஎம் 14.5 லிட்டர்ல சமவெளில 390, 400 போகலாம். ஆனா அங்க ரெண்டாவது மூணாவது கியர்ல ஏறுறது, ஆத்துத் தண்ணிய கடக்கறது, குளிர்ல எஞ்சின் ஓட விட்டு கைய சூடாக்கறது எல்லாம் இருக்கு. போயிடலாம், ஆனா கடைசி 50 கிலோமீட்டர் கண்ணு ரோட்டுல இருக்காது, பெட்ரோல் முள்ளுல இருக்கும். அஞ்சு லிட்டர் கேன் கட்டிக்கங்க. ஹிமாலயன்னா கேன் வேணாம்.

அப்புறம் பவர் பவர்னு அடிச்சுக்கறீங்களே, தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல. அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல பாதிதான். எஞ்சின் இழுக்கற காத்துல பாதி ஆக்சிஜன்னா பவரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு விழும். ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் இருக்கறதால பெட்ரோல குறைச்சு சரியா கலந்து குடுக்கும், கார்பரேட்டர் காலத்து மாதிரி கருப்பு புகை விட்டு திணறாது, அவ்வளவுதான், இல்லாத காத்த அதால கொண்டு வர முடியாது. ரெண்டு வண்டியும் அங்க இருபத்தி சொச்சம் குதிரைதான். உங்க 150 சிசில ஊருக்கு போன அனுபவம் அங்கதான் கை குடுக்கும்.

ரிம்மு_ரங்கன்

அப்ப பெங்களூர்லேருந்து லே வரைக்கும் ஓட்டியே போறதா?

ஸ்பிதி_சுத்துனவன்

போலாம், ஒரு பக்கமே 3,000 கிலோமீட்டருக்கு மேல, லீவு இருந்தா. நாக்பூர், ஜான்சி எல்லாம் ஜூன்ல தீச்சட்டி. நான் ரெண்டாவது தடவைலேருந்து யஷ்வந்த்பூர்லேருந்து சண்டிகருக்கு ரயில் பார்சல்ல போட்டுட்டேன். ஆர்சி காப்பி, அடையாள அட்டை காப்பி, டேங்க்ல பெட்ரோல் சொட்டு இருக்கக்கூடாது, சாக்கு சுத்தி கட்டணும். கண்ணாடிய கழட்டி பைல வச்சுக்கங்க, விட்டா கட்டுறவங்க கைல உடையும். எனக்கு ஒரு தடவ ரெண்டும் போச்சு.

சில்க்போர்டு_சித்தன்

பதிவு எங்க பண்ண போறீங்க? இதுலதான் நம்மாளுங்க மாட்டுறது. கர்நாடகால ஒரு லட்சத்துக்கு மேல உள்ள டூவீலருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், செஸ் தனி. தமிழ்நாட்டுல 12. உடனே மாமா அட்ரஸ்ல டிஎன் நம்பர் போடலாம்னு தோணும். ஆனா 12 மாசத்துக்கு மேல இங்கயே ஓட்டுனா இங்க மாத்தி பதியணும்னு சட்டம், அப்ப என்ஓசி (ஆட்சேபம் இல்லன்னு ஆர்டிஓ தர்ற சான்று), வரி திரும்ப வாங்குறதுன்னு அலைஞ்சு செருப்பு தேயும். என் அண்ணன் தேஞ்சான். அதுமட்டுமில்லாம 2025 செப்டம்பர் 22லேருந்து 350 சிசிக்கு மேல ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆயிடுச்சு, 350 வரைக்கும் 18. நீங்க பாக்குற ரெண்டும் 40ல வரும். வந்த புதுசுல ஹிமாலயன் 2.69 லட்சத்துலயும் கேடிஎம் 3.68 லட்சத்துலயும் ஆரம்பிச்சுது, அந்த விலைய மனசுல வச்சுக்கிட்டு கடைக்கு போகாதீங்க, ஆன் ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து) எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க.

ஆரஞ்சு_ராக்கெட்

நான் ஒத்துக்கறேன், டேங்க்ல ஹிமாலயன் ஜெயிக்குது, பின் சீட்டும். ஆனா ஒண்ணு மட்டும் எழுதிட்டு போறேன். போன மழைல சக்லேஷ்பூர் தாண்டி பிஸ்லே காட்டு ரோட்டுல, திருப்பத்துக்கு நடுவுல ஈரமான மூங்கில் இலை ஒரு பாய் விரிச்ச மாதிரி கிடந்துச்சு. சாஞ்சிருக்கேன், பதட்டத்துல பிரேக் புடிச்சுட்டேன், புடிக்கக் கூடாதுன்னு தெரியும், கை கேக்கல. வண்டி ஒரு தடவ உதறிட்டு நேரா நின்னுச்சு. சாதாரண ஏபிஎஸ்ஸா இருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது, சோதிச்சு பாக்க ஆசையும் இல்ல. அதுக்கு நான் கூட ஒரு லட்சம் குடுத்தேன், வருத்தமில்ல.

டீக்கடை_டூரர்

இது நியாயமான பேச்சுங்க தம்பி. மழைல மலை ஏறுறவங்களுக்கு அது பெரிய விஷயம். ஹிமாலயன்ல அது இல்ல, பின் வீல் ஏபிஎஸ்ஸ மண் ரோட்டுக்காக ஆஃப் பண்ணிக்கலாம், அவ்வளவுதான்.

பொம்மனஹள்ளி_பாண்டி

சனிக்கிழம போயிட்டு வந்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல கேடிஎம். சீட்டு உயரம் 830 மில்லிமீட்டர், ரெண்டு காலும் பாதிதான் எட்டுது, ஆனா வண்டி ஒல்லியா லேசா இருக்கதால பயம் வரல. கிளப்புன உடனே ஹெல்மெட்டுக்குள்ள தானா சிரிப்பு வந்துட்டு, மறைக்க மாட்டேன். பேகூர் ரோட்டுல ஒரு ஸ்பீடு பிரேக்கர் தெரியாம ஏறிட்டேன், ஏறுனதே தெரியல. வீட்டம்மா பின்னாடி உக்காந்து ரெண்டு கிலோமீட்டர். இறங்கி ஒண்ணும் சொல்லல, இடுப்புல கைய வச்சு நின்னா. நான் புரிஞ்சுக்கிட்டேன்.

ஹிமாலயன்ல சீட்டு 825லயும் வைக்கலாம் 845லயும் வைக்கலாம்னாங்க, 825ல வச்சு குடுத்தாங்க, இன்னும் கீழ இறங்க 805க்கு தனி சீட்டும் உண்டாம். நிறுத்தி வச்சு தள்ளுறப்ப கனம் தெரியுது, ஷோரூம் வாசல் சரிவுல ரிவர்ஸ் எடுக்க அந்த பையன் வந்து புடிச்சான், மானம் போச்சு. ஓட ஆரம்பிச்சா அந்த கனம் எங்க போச்சுன்னே தெரியல. கேடிஎம் மாதிரி சிரிப்பு வரல, ஆனா பத்து நிமிஷத்துல தோள் ரெண்டும் தானா இறங்கிட்டு, எங்கயோ போய்க்கிட்டே இருக்கலாம்னு தோணிச்சு. அந்த வட்ட மீட்டர்ல கூகுள் மேப் முழுசா தெரியுது. ஆனா போன்ல ஆப் ஓடிக்கிட்டே இருக்கணுமாம், சார்ஜர் சொருகி வைக்கணும்னு அந்த பையனே சொன்னான். வீட்டம்மா பின்னாடி உக்காந்துட்டு, "இதுல தூங்கிருவேன் போல"ன்னா. தூங்காத தாயின்னேன்.

ஹிமாலயன், ட்யூப்லெஸ் வீல், கர்நாடகா பதிவு. புக் பண்ணியாச்சு. ராக்கெட் அண்ணே மன்னிச்சுக்கங்க, தனியா இருந்திருந்தா உங்க பக்கம்தான். பழைய 150ஐ விக்கல, சித்தன் சொன்ன மாதிரி ஆபீஸுக்கு அது.

ஆரஞ்சு_ராக்கெட்

வாழ்த்துகள் தல. பிஸ்லே வரப்ப சொல்லுங்க, நான் முன்னாடி போயி இலைய கூட்டி வைக்கிறேன்.

பின்சீட்_மகராணி

தங்கச்சிக்கு ஒரு நல்ல ஜாக்கெட்டும் முட்டி கார்டும் வாங்கிட்டீங்களா? உங்களுக்கு மட்டும் வாங்கிட்டு அவங்களுக்கு துப்பட்டா கட்டி கூட்டிட்டு போகாதீங்க.

பொம்மனஹள்ளி_பாண்டி

ஆர்டர் போட்டாச்சு அக்கா, கலரு அவதான் பாத்தா.

*(மூணு வாரம் கழிச்சு)*

மொத ட்ரிப் போயிட்டு வந்தாச்சு. 598 கிலோமீட்டர், ஒரு தடவதான் பெட்ரோல், திண்டுக்கல் தாண்டி, அதுவும் பயத்துல போட்டதுதான், இன்னும் இருந்துச்சு. தோப்பூர்ல ஒரு கண்டெய்னர் பக்கத்துல போச்சு, வண்டி அசையல, குலசாமிக்கு அன்னைக்கு லீவு.

வீட்டுக்கு போயி வண்டிய நிறுத்துனேன். அம்மா வெளிய வந்து சுத்தி சுத்தி பாத்துச்சு. எவ்வளவுன்னு கேக்கல, எத்தன சிசின்னு கேக்கல. பின்னாடி கேரியர கையால அமுக்கி பாத்துட்டு, "ஏல, இதுல மூட்டை ரெண்டு நிக்கும் போலுக்கே"ன்னுச்சு. இந்த தடவ அம்மிக்கல்லு வந்துட்டு. பட்டறை அண்ணே, ப்ரீலோட எத்தனாவது நிலைல வைக்க?

ஓசூர்_பட்டறை

அம்மிக்கல்லு எவ்வளவு கனம்? குழவியும் சேத்தா?